கட்டிய பெட்டியும் எட்டிய குரலும்

'கட்டு' என்னும் தமிழ்ச்சொல் பொருள்வளம் மிக்கது. வீடு கட்டுவர்; கப்பல் கட்டுவர்; பூக் கட்டுவர்; பாட்டுக் கட்டுவர். சிதறிக் கிடப்பவற்றை முறைப்படச் சேர்த்து, முன்னில்லாத ஒன்றைத் தோற்றுவிக்கும் செயல் எதுவாயினும் அதனைக் கட்டுதல் என்றே தமிழர் வழங்கினர். வானொலியும் ஒரு காலத்தில் கட்டப்பட்ட பொருளே. விலைகொடுத்து வாங்கி, விசையைத் திருகிக் கேட்கும் பெட்டியாக அது மாறியது பின்னரே. முதலில் அது, செப்புக் கம்பியையும் கண்ணாடி வால்வுகளையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு ஆர்வமுடையார் சிலர் தம் கையாலேயே கட்டிய ஒன்றாகும்.

இவ்வாறு கட்டியும் பேசியும் பழகுவோரை அமெச்சூர் வானொலியாளர் என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் உலகம் வழங்குகிறது. இவர்கள் ஊதியம் கருதாதவர்கள். தேர்வெழுதி, அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இயங்குபவர்கள். ஒலிபரப்பில் ஒருவர் பேசப் பலர் கேட்பர். இவர்கள் முறையிலோ பேசுவோரும் கேட்போரும் மாறி மாறி உரையாடுவர். ஆதலால் இவர்தம் கருவி அனுப்பவும் வேண்டும், ஏற்கவும் வேண்டும். அனுப்பியும் ஏற்பியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியே டிரான்சீவர் எனப்படுவது.

பினாங்குத் தீவில் தமிழ்க்குரலை வானலையில் ஏற்றியவர்கள் இத்தகைய ஆர்வலர்களே. குரல் ஏறிற்று, ஆயினும் கருவி கட்டும் கல்வி தமிழில் வேரூன்றிற்றா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை காண, கையாற் கட்டிய கருவிகளின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிக் காணுதல் வேண்டும்.

ஆர்வலர் எழுப்பிய நிலையங்கள்

மலாயாவின் வானொலி வரலாறு ஜொகூரில் தொடங்குகிறது. ஜொகூர் அரசின் மின்பொறியாளராய் இருந்த ஏ. எல். பர்ச் என்பார் 1921-இல் முதல் வானொலிப் பெட்டியை அந்நாட்டிற்குக் கொணர்ந்தார். 1923-இல் அவர் முயற்சியால் ஜொகூர் வானொலிச் சங்கம் உருவாயிற்று. அது 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பியது. அதனைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் தோன்றின. கோலாலம்பூர்ச் சங்கம் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டரில் ஒலிபரப்பியது. இவற்றை எழுப்பியவர் அரசினர் அல்லர். பொழுதுபோக்காக வானொலியைப் பயின்ற ஆர்வலர்களே.

பினாங்கு வானொலிச் சங்கம் 1934-இல் 'இசட்.எச்.ஜே.' என்னும் அழைப்புக்குறியோடு ஜார்ஜ் டவுனிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. அது தேர்ந்தது 49 மீட்டரை ஒட்டிய சிற்றலை. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டித் தவழ்ந்து சிறிது தொலைவிலே தேய்ந்துவிடும்; சிற்றலையோ மேல் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்துக் கடல் கடக்கும். சிறிய ஆற்றலைக்கொண்டு பெருந்தொலைவு செல்ல விரும்புவார்க்கு அதுவே உற்ற வழி. இசட்.எச்.ஜே. நிலையம் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் நிகழ்ச்சிகளை அளித்தது. சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றின்மீது பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தை ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தது 1937 மார்ச்சு முதல் நாளில்தான். அதற்குச் சில ஆண்டு முன்னரே ஆர்வலர் சங்கமொன்று பினாங்கின் வானில் தமிழை ஒலிக்கச் செய்துவிட்டது.

அக்காலத்தில் கடலின் மறுகரையிலும் இதுவே நிலை. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் என்னும் பொறியாளர், இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த உறுப்புகளை இணைத்து 40 வாட் ஆற்றலுள்ள அலைபரப்பி ஒன்றைக் கட்டினார். 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. சூலை 31-இல் அதன் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது நின்றபோது அதன் அலைபரப்பி சென்னை மாநகராட்சிக்கு அளிக்கப்பெற்றது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளில் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. கொழும்பிலோ, தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பர், முதல் உலகப்போரிற் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலி உறுப்புகளைக்கொண்டே தம் தொடக்கச் சோதனைகளைச் செய்தார். 1925 டிசம்பர் 16-இல் கொழும்பு வானொலி பிறந்தது.

இம்மூன்று ஊர்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஆயத்தமான நிலையத்தை விலைக்கு வாங்கி வைத்தவரால் நம் கடற்கரைகளில் வானொலி தொடங்கவில்லை; கிடைத்த உறுப்புகளைக்கொண்டு கட்டத் தெரிந்தவரால் தொடங்கிற்று.

திறந்து கிடந்த நிலையம், முத்திரையிட்ட பெட்டி

கட்டத் தெரிவது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதைப் போர் உணர்த்தியது. 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு மழை பொழிந்தன. சில நாள்களில் ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாகத் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அந்நிலையில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியராய் விளங்கிய இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, ஊரைக் காக்கக் குழுவொன்றை அமைத்தார்; கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். தீவிற் படையில்லை, இனிக் குண்டு வீச வேண்டா என்னும் செய்தி வானொலி வழியே ஜப்பானியர்க்கு அறிவிக்கப்பெற்றது. அச்செய்தியே மேலும் உயிர்ச்சேதம் நேராமற் காக்க எடுத்த முயற்சியாகும். 19-ஆம் நாள் ஜப்பானியர் தீவினுள் நுழைந்தனர்.

சென்றவர்கள் துறைமுகத்துப் படகுகளை மூழ்கடிக்க மறந்ததுபோலவே ஒலிபரப்பு நிலையத்தையும் அழிக்க மறந்தனர். சில நாள்களில் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரை எள்ளி நகையாடும் ஜப்பானியர் குரல் எழுந்தது. காத்த கருவியே பகைவன் கையில் ஏளனம் செய்யும் கருவியுமாயிற்று. கருவிக்குச் சார்பில்லை, அதனைக் கையாள்வார்க்கே உண்டு.

ஆட்சியைக் கைப்பற்றிய ஜப்பானியர் மக்களின் வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்வித்தனர். சிற்றலை கேட்கும் ஆற்றலைப் பெட்டிகளினின்றும் நீக்குவித்தனர். அயல்நாட்டுச் செய்தி கேட்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பேராக் மாநிலத்துப் பாப்பான் ஊரில், இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவின் துணைவியார் சிபில் கார்த்திகேசு, மறைத்து வைத்த வானொலிப் பெட்டியில் லண்டன் செய்தியைக் கேட்டுவந்தார். அப்பெட்டிக்கு அவர்கள் இட்ட மறைபெயர் 'ஜோசஃபின்'. காயமுற்ற போராளிகட்கு மருந்திட்டமையும் பெட்டியை மறைத்தமையும் வெளிப்படவே, அவ்வம்மையார் 1943-இல் சிறைப்பட்டுக் கொடிய வதைக்குள்ளானார். அதன் விளைவாக 1948-இல் உயிர் நீத்தார்.

முத்திரையிட்ட பெட்டி அதனை விலைக்கு வாங்கியவனுக்கு ஊமையாகிவிடும். சுருள் என்பது என்ன, எத்தனை சுற்றுச் சுற்றினால் எந்த அலை பிடிபடும் என்று அறிந்தவனுக்கோ எப்பெட்டியும் ஊமையன்று. ஆள்வோர் வானொலியாளரை எப்போதும் சிறிது ஐயத்தோடு நோக்குவதற்கும், போர் மூண்டதும் முதலில் அவர்தம் உரிமங்களை முடக்குவதற்கும் இதுவே காரணம்.

பொதியில் வந்த பள்ளிக்கூடம்

போருக்கு முன் நீரிணைக் குடியேற்றங்களுக்கு 'வி.எஸ்.1' என்பது அமெச்சூர் அழைப்புக்குறியின் முதற்பகுதி. பினாங்கும் அதனுள் அடங்கும். போருக்குப்பின் மலாயாவிற்கு 'வி.எஸ்.2' என்பதும், விடுதலைக்குப்பின் '9 எம்.2' என்பதும் வழங்கலாயின. தீபகற்ப மலேசியாவின் ஹாம்கள் இன்றும் '9 எம்.2', '9 டபிள்யூ.2' என்னும் குறிகளால் உலகெங்கும் அறியப்படுகின்றனர்.

போர் முடிந்தபின் படையினர் கழித்த வால்வுகளும் மின்தேக்கிகளும் சந்தையில் மலையெனக் குவிந்தன. அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்து ஹீத் நிறுவனம் அவற்றை வாங்கி, 1947-இல் அலைகாட்டி என்னும் சோதனைக் கருவிக்குரிய உறுப்புகளையெல்லாம் ஒரு பொதியாக்கி 50 டாலருக்கு விற்றது. இவ்வாறு ஒரு கருவிக்கு வேண்டிய உறுப்புகளும் வழிகாட்டும் நூலும் ஒருங்கே அடங்கிய பொதியைக் 'கிட்' என்பர். 'ஹீத்கிட்' என்ற பெயரில் பின்னர் அனுப்பிகளும் ஏற்பிகளும் டிரான்சீவர்களும் அணிவகுத்தன. எச்.டபிள்யூ.-101 என்னும் வால்வு டிரான்சீவரும், மின்கலத்தில் இயங்கும் எச்.டபிள்யூ.-8 என்னும் சிறுகருவியும் 1970-களில் ஹாம்களின் நெஞ்சங்கவர்ந்தவை.

ஹீத்கிட்டின் உண்மையான சிறப்பு அதன் கையேட்டிலே இருந்தது. இந்த மின்தடையை எடு. இந்தத் துளையில் இடு. இங்கே ஈயப்பற்று வை. முடிந்ததும் இக்கட்டத்திற் குறியிடு என்று படிப்படியாக அது கற்பித்தது. ஒவ்வொரு படியின் முன்னும் குறியிட ஒரு சிறு கட்டம். ஆசிரியன் அருகில் இல்லாத மாணாக்கன் கையிலும் வேலை பிழையற நடக்க அதுவே துணையாயிற்று. ஆசிரியத் தொழில் புரிவார் அக்கையேட்டின் அருமையை எளிதில் உணர்வர். ஆயத்தக் கருவிகள் மலிந்து, உறுப்புகள் மிகச் சிறுத்துப்போகவே, 1992-இல் அந்நிறுவனம் கிட் விற்பனையை நிறுத்தியது.

தமிழகத்திலும் இவ்வெண்ணம் தனியே முளைத்தது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு உள்நாட்டிலேயே ஆக்கமுடியும் என்று கோவை ஜி. டி. நாயுடு 1941-இலேயே அறிவித்தார். அதே கோவையில் ஜி. ஆர். தாமோதரன் 1949-இல் தொடங்கிய 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் எழுதுவதற்கென்றே எழுந்த இதழ்.

ஹாம்கள் விழைந்தவை

தம் கருவியிடம் ஹாம்கள் எவற்றை வேண்டினர் என்று தொகுத்துக் காண்பது அக்கலையின் வரலாற்றையே காண்பதாகும்.

முதல் விருப்பம் நிலைப்பு. சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலையியற்றி, வெப்பம் ஏறினால் அலைவரிசையினின்றும் மெல்ல நழுவும். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் கரகரத்து மறைந்துபோகும். பகல் வெயிலும் திடீர் மழையும் மாறிமாறி வரும் பினாங்கு போன்ற ஊரில் இத்தொல்லை சொல்லத் தேவையில்லை. குவார்ட்ஸ் படிகம் இட்டால் நழுவல் நிற்கும். ஆனால் ஒரு படிகத்திற்கு ஓர் அலைவரிசையே உண்டு. நிலைப்பும் வேண்டும், நகரவும் வேண்டும் என்பது நெடுநாள் ஏக்கம்.

இரண்டாவது, ஆற்றலை வீணாக்காமை. பழைய வீச்சுப் பண்பேற்ற முறையில், முழு அளவிற் பேசும்போதும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, செய்தி எதனையும் சுமவாத ஊர்தி அலைக்கே போய்விடும். எஞ்சியதும் ஒரே செய்தியை இரண்டு பக்கங்களிற் சுமக்கும். ஊர்தியையும் ஒரு பக்கத்தையும் நீக்கி, மற்றப் பக்கத்தை மட்டும் அனுப்புவதே ஒற்றைப் பக்கப்பட்டை முறை. சிறு கருவி பெருந்தொலைவு எட்டுதற்கு இது பேருதவி. ஆனால் இதற்குக் கூரிய வடிகட்டி வேண்டும். வீட்டில் கட்டுவார்க்கு அதுவே மதில்போல் நின்றது.

மூன்றாவது, மின்கலத்தில் இயங்கும் எளிமை. ஐந்து வாட்டும் அதற்குட்பட்ட ஆற்றலும் கொண்டு பேசுவதைத் தனிக் கலையாகவே பயில்வோர் உளர். சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர். வானம் ஒத்துழைக்கும் வேளையில் மேல்மண்டலத்தில் ஒரேமுறை தெறித்த சிற்றலை இத்தொலைவைக் கடந்துவிடும்; கைவிளக்கிற்குப் போதுமான மின்னாற்றலே அதற்குப் போதும். நான்காவது, இடியும் மின்னலும் மிகுந்த வெப்ப நாட்டில் எழும் வானிரைச்சலை விலக்கிக் கேட்கும் திறன். ஐந்தாவது, பழுதுற்றால் தானே திறந்து செப்பனிடும் வாய்ப்பு. அதற்கு மின்சுற்று வரைபடம் மறைவின்றிக் கிடைத்தல் வேண்டும். ஆறாவது, எளியோர்க்கும் எட்டும் விலை.

ஐதராபாத்து அளித்த விடை

இவ்விருப்பங்கள் பலவற்றிற்கு ஒருங்கே விடையளித்த கருவி இந்தியாவில் பிறந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த அசார் ஃபர்கான், 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்னும் டிரான்சீவரை வடிவமைத்து, அதன் வரைபடத்தை எல்லாரும் காண வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்சில் இயங்கிய அம்முதற் கருவி, அயல்நாட்டிலிருந்து அருமையாய் வருவிக்க வேண்டிய உறுப்புகளை நாடவில்லை. வடிகட்டிக்குக் கடையில் மலிவாய்க் கிடைத்த படிகங்களையே பொறுக்கி இணைத்தார். சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாய்க்கு இடும் வாஷரே போதுமென்று காட்டினார். இந்திய நகரத்துக் கடைத்தெருவில் கிடைப்பதையே அளவாகக் கொண்டு கருவியை வகுத்தமைதான் அதன் புதுமை.

அதன் உள்ளமைப்பும் சிக்கனமானது. பிற கருவிகளில் அனுப்பும் வழிக்கும் ஏற்கும் வழிக்கும் வெவ்வேறு பெருக்கிகள் இருக்கும். பிட்எக்ஸிலோ ஒரே வழியே இருதிசையிலும் பயன்படும். பட்டர்வொர்த்திற்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடிய பழைய பயணப்படகு, திரும்பாமலேயே இரு முனையாலும் கரை சேரும், அதுபோன்றதே இவ்வமைப்பு. ஒவ்வொரு பெருக்கியிலும் எதிரெதிர்த் திசை நோக்கிய இரண்டு டிரான்சிஸ்டர்ப் பகுதிகள் உண்டு. ஒன்றிற்கு மின்சாரம் கொடுத்தால் குரல் வெளியே செல்லும். மற்றதற்குக் கொடுத்தால் குரல் உள்ளே வரும். நடுவிலுள்ள வடிகட்டி இரண்டிற்கும் பொது.

2016-இல் 'பிட்எக்ஸ்-40' என்னும் ஆயத்தப் பலகையும், அடுத்து, 3 முதல் 30 மெகாஹெர்ட்சு வரை இயங்கும் 10 வாட் 'மைக்ரோ பிட்எக்ஸும்' வெளிவந்தன. ஐதராபாத்துப் பெண்கள் சுருள் சுற்றிப் பொருத்திய பலகைகள் உலகின் பல நாடுகட்குச் சென்றன. பழைய நழுவல் நோயைச் சிறு கணினிப் பலகையும் எண்முறை அலையியற்றிச் சில்லும் தீர்த்தன. வாங்கியவர்கள் அச்சிறு கணினிக்குரிய நிரலைத் தம் விருப்பப்படி மாற்றியெழுதினர். முன்னாளில் சுருளை மாற்றிச் சுற்றியவனின் உரிமை இப்போது நிரலை மாற்றியெழுதுபவனின் உரிமையாயிற்று.

2017-இல் ஹான்ஸ் சம்மர்ஸ் வெளியிட்ட 'கியூசிஎக்ஸ்' என்னும் 49 டாலர் மோர்சுக் கிட் மற்றொரு விருப்பத்தை நிறைவேற்றியது. மின்னழுத்தத்தையும் அலைவரிசையையும் அளக்கும் கருவிகள் அதனுள்ளேயே உள்ளன. சோதனைக் கருவி வாங்க இயலாதவரும் தம் வேலையைத் தாமே திருத்திக்கொள்ள அது வழிசெய்தது.

ஒரே கடல்

இவ்வளவும் எதற்கு, கைப்பேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் காலத்தில் கருவி கட்டுவது வீண் உழைப்பன்றோ என்று வினவுவார் உளர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தது. மலேசியாவில் உயிரிழந்தோருட் பெரும்பாலோர் பினாங்குத் தீவினர். அதே அலையால் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. அப்போது அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் சிற்றலைக் கருவிகளே தீவினரைப் பற்றிய செய்திகளைத் தாய்நிலத்திற்கு எட்டச் செய்தன. கோபுரங்களை நம்பி நிற்கும் தொடர்பு கோபுரத்தோடு சாயும். ஒரு மின்கலத்தையும் ஒரு கம்பியையும் நம்பி நிற்கும் தொடர்பு எஞ்சும்.

பினாங்கின் நிலையோ வியப்புக்குரியது. 1972 முதல் பாயான் லெப்பாசில் இன்டெல் முதலிய நிறுவனங்கள் சில்லுகளை உருவாக்கி வருகின்றன. 1974 முதல் மோட்டரோலாவும் அங்குண்டு. இருவழி வானொலிகள் அத்தீவிலே ஆக்கப்பெற்று உலகெங்கும் சென்றுள்ளன. அத்தொழிலில் தமிழ் மக்களுக்கும் பங்குண்டு. எனினும் தொழிற்கூடத்தில் ஒருவர் ஓருறுப்பை மட்டும் பொருத்துவார். முழுக் கருவியும் அவர் கையிற் பேசுவதில்லை. ஒரு பொதியை வாங்கி வீட்டில் கட்டி முடிப்பவர், முதல் உறுப்பு முதல் முதற்குரல் வரை முழுவதையும் அறிகிறார்.

எஞ்சிய விருப்பம்

ஹாம்களின் விருப்பங்களிற் பெரும்பாலானவை நிறைவேறிவிட்டன. நிலைப்பு வந்தது, சிக்கனம் வந்தது, விலையும் இறங்கிற்று. தமிழரைப் பொறுத்தவரை எஞ்சி நிற்பது ஒன்று: பொதியோடு வரும் கையேடு. ஹீத்கிட்டாயினும், இந்தியாவிலேயே பிறந்த பிட்எக்ஸாயினும், அவற்றின் மூலக் கையேடுகள் ஆங்கிலத்திலேயே எழுந்தன. தமிழ்க்குரலைச் சுமக்கும் கருவிக்குத் தமிழில் வழிகாட்டுதல் அரிதாயிற்று.

சொற்கள் இல்லாமற் போகவில்லை. சுருள், படிகம், வடிகட்டி, பெருக்கி, மின்தேக்கி, அலையியற்றி என இக்கட்டுரையில் வந்தவையே ஒரு கருவியின் பெரும்பகுதியைச் சொல்லி முடித்துவிடுகின்றன. பள்ளிதோறும் அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து, ஒரு சிறு கிட்டைப் பிரித்துவைத்து, ஒவ்வோர் உறுப்பையும் மாணவர் பெயர் சொல்லி எடுத்துப் பொருத்துமாறு படிப்படியாய் எழுதினால், அதுவே அக்கையேட்டின் முதல் ஏடு ஆகிவிடும். ஒவ்வொரு படியின் முன்னும் ஒரு சிறு கட்டம் இருத்தல் வேண்டும். 1934-இல் பினாங்கின் வானில் தமிழ் ஏறியதற்கு யாரோ சிலர் கட்டத் தெரிந்திருந்தமையே காரணம். அக்கல்வி தமிழிலேயே கிடைக்குமாயின், அடுத்த தலைமுறைக்குக் கேட்கும் செவியோடு கட்டும் கையும் வாய்க்கும்.